ஷவர் சொட்டுகிறதா? ஸ்பானரை எடுப்பதற்கு முன்

மாணவர் விடுதி ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். வார்டன் அறை வாசலில் ஒரு புகார் நோட்டு தொங்கும். குளியலறை பற்றி அதில் வருகிற புகார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: ‘ஷவர் ரிப்பேர்’. அறை எண், தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். மேலே போய்ப் பார்த்தால் ஓர் அறையில் மூடினாலும் சொட்டும், இன்னொன்றில் வெந்நீர் வராது, அடுத்ததில் கைப்பிடி அசையாது, வேறொன்றில் குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சுடுவதும் குளிர்வதுமாக ஆட்டம் காட்டும். நாலும் நாலு வேறு பழுது. சிலவற்றுக்கு வால்வோடு சம்பந்தமே இருக்காது.

அதனால் கருவிப் பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு, வாளியும் ஒரு துணியும் மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தொட்டுப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்த பிறகுதான் ஸ்பானருக்காக இறங்கி வருவேன். வீட்டில் தானே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கழற்றி மாட்டுவது பெரிய வித்தை இல்லை. எதைக் கழற்றுவது என்று முடிவு செய்வதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

வால்வு மேல் பழி போடுவதற்கு முன்

மூடிய பிறகும் ஷவர் கொஞ்ச நேரம் சொட்டினால் உடனே பதற வேண்டாம். ஷவர் ஹெட்டுக்குள்ளும் அதைத் தாங்குகிற வளைந்த குழாயிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஓட்டைகள் சின்னவை என்பதால் அந்தத் தண்ணீர் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். எங்காவது ஓர் ஓட்டை வழியே காற்று உள்ளே நுழைந்ததும் திடீரென்று கொட்டிவிட்டு நின்றுவிடும். இது கோளாறே இல்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் ஷவர் ஹெட்டைக் கையால் திருகிக் கழற்றி வைத்துவிடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்ததும் நுனியைத் துடைத்து, அடியில் ஒரு டம்ளரை வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் டம்ளரில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தால், சரி, வால்வு கசிகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்தாலே 20 லிட்டரைத் தாண்டிவிடும்.

தண்ணீர் குறைவாக வருகிறது என்றாலும் முதலில் கழற்ற வேண்டியது ஷவர் ஹெட்டைத்தான். அது இல்லாமல் குழாய் முழு வேகத்தில் கொட்டினால் அடைப்பு ஷவர் ஹெட்டில் இருக்கிறது. உப்புப் படிவு, வேறொன்றும் இல்லை. வினிகரில் ஓர் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் எடுக்காதீர்கள், அது குரோமியப் பூச்சையும் பித்தளையையும் சேர்த்தே தின்றுவிடும். பிளீச்சிங் கலந்த எதையும் வினிகரோடு சேர்க்கவும் கூடாது, நச்சுக் காற்று கிளம்பும்.

ஷவர் ஹெட் இல்லாமலும் வேகம் இல்லையென்றால் பக்கத்து வாஷ்பேசின் குழாயைத் திறந்து பாருங்கள். அங்கும் மந்தமாக இருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பாதி மூடிக் கிடக்கும் ஆங்கிள் காக் (குழாய்க்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் சின்ன அடைப்பான்), நிரம்பாத மேல்தொட்டி, கீசரின் நுழைவாயில் வால்வு என்று பின்னால் போய்த் தேட வேண்டும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஷவருக்கு மேலே 3 மீட்டரில் தொட்டி இருந்தால் 0.3 பார். அதிக அழுத்தத்துக்கென்று செய்த மிக்ஸரை (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) அங்கே மாட்டினால் புத்தம் புதிய வால்வும் நூல் மாதிரிதான் ஊற்றும். அதைப் பிரித்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

இன்னொரு விசித்திரமான சொட்டு உண்டு: கீசர் ஓடும்போது மட்டும் வரும், மற்ற நேரத்தில் வராது. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் பருக்கும். 15 லிட்டர் கீசரில் அது ஒரு டம்ளர் தண்ணீர். அந்த டம்ளருக்குப் போக இடம் வேண்டும். கீசரின் பாதுகாப்பு வால்வு சரியாகத் திறக்கவில்லை என்றால் அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே பலவீனமான வால்வு வழியாகத் தண்ணீர் வெளியே வரும். அப்போது ஷவரை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனால் ஆபத்தை மூடி வைத்த மாதிரி ஆகிவிடும். கீசரைப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

கைப்பிடியைத் திருப்பும்போதே உள்ளே இருப்பது என்ன என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால்தான் மூடும் என்றால் அது பழைய வகை: கைப்பிடியோடு சுழலும் ஸ்பிண்டில் என்ற தண்டு, அதன் நுனியில் ரப்பர் வாஷர், அது போய் அழுந்துகிற பித்தளை இருக்கை. கால் சுற்று அல்லது அரைச் சுற்றில் நின்றுவிட்டால் உள்ளே பீங்கான் தட்டுகள். மேலும் கீழும், இடமும் வலமும் போகிற ஒற்றைக் கைப்பிடி என்றால் சிங்கிள் லிவர் கார்ட்ரிட்ஜ். கார்ட்ரிட்ஜ் என்பது வால்வுக்குள் முழுசாகக் கழற்றி மாற்றக்கூடிய உள் உறுப்பு. ஒரு பக்கம் எண்கள் போட்ட குமிழும் 38 டிகிரியில் ஒரு தடுப்புப் பொத்தானும் இருந்தால் தெர்மோஸ்டாட் வகை.

ரப்பர் வாஷர் வகையில் மூடுவதற்கு அழுத்தம் வேண்டும். பீங்கான் வகையில் வேண்டவே வேண்டாம். கண்ணாடி போல மெருகேற்றிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓட்டைகளை மறைக்கின்றன, அவ்வளவுதான். பழைய குழாய்க்குப் பழகிய கைகள் இதையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கும். அப்படி முறுக்கினால் சொட்டு நிற்காது, உள்ளே தடுக்கும் பிளாஸ்டிக் பல் உடையும். விடுதியில் நான் மாற்றிய கார்ட்ரிட்ஜ்களில் நிறைய அப்படி உடைந்தவைதான்.

எந்தப் பக்கம் கசிகிறது?

சொட்டும் ஷவருக்கு இரண்டு வழி: வெந்நீர், பச்சைத் தண்ணீர். இரண்டு கைப்பிடி இருந்தால் ஒன்றுதான் பெரும்பாலும் கசியும், அதுவும் அதிகமாக வெந்நீர்ப் பக்கம்தான், சூடு ரப்பரைச் சீக்கிரம் கெட்டியாக்கிவிடும். சொட்டும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, சொட்டாக இறங்குவதற்குள் ஆறிவிடும். வெந்நீர் வழியின் அடைப்பானை மூடிவிட்டுக் காத்திருங்கள். சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம். நிற்காவிட்டால் அதைத் திறந்துவிட்டு மற்றதை மூடிப் பாருங்கள். ஒவ்வொன்றை மூடும்போதும் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் கசிகிறது.

மூடியிருக்கும்போது சொட்டாமல், ஷவர் ஓடும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் தண்ணீர் கசிந்தால் வாஷரைத் தொடவே வேண்டாம். ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். பழைய வகையில் அதன்மேல் உள்ள நட்டைச் சற்றே இறுக்கினாலே சில நேரம் நின்றுவிடும். திறக்கும்போது ‘டடடட’ என்று சுவர் அதிர்ந்தால் வாஷர் தளர்ந்து ஆடுகிறது.

இப்போது எனக்குப் பிடித்த பழுதுக்கு வருகிறேன். ஷவரில் வெந்நீர் சரியாக இருக்கும். வாஷ்பேசினிலோ சமையலறையிலோ வெதுவெதுப்பாகத்தான் வரும். அல்லது பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் கொஞ்சம் சூடாக வரும். எல்லோரும் கீசரைத் திட்டுவார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், அதன் பிறகும் அப்படியே இருக்கும். உண்மையில் ஏதோ ஒரு மிக்ஸருக்குள் இரண்டு தண்ணீரும் ஒன்றின் வழிக்குள் ஒன்று புகுந்துகொண்டிருக்கும். அழுத்தம் அதிகமுள்ள பக்கம் மற்றதற்குள் தள்ளும். கைஷவரில் நிறுத்தும் பொத்தான் இருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும்: மிக்ஸரைத் திறந்தே விட்டுவிட்டுப் பொத்தானை மட்டும் அமுக்கி நிறுத்துவார்கள். வெளியே போக வழியில்லாத தண்ணீர் பக்கத்துக் குழாய்க்குள் போகும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கீசரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். பிறகு வாஷ்பேசினில் வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது கீசரிலிருந்து வர வாய்ப்பில்லை. எங்கோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் குறுக்கே வருகிறது. இப்போது ஒவ்வொரு மிக்ஸரின் பச்சைத் தண்ணீர் அடைப்பானாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கைஷவர்ப் பொத்தானால் வந்த வினை என்றால் பழக்கத்தை மாற்றினால் போதும். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜையோ, பின்னோட்டம் தடுக்கும் வால்வையோ மாற்ற வேண்டும்.

குளிக்கும்போது சூடு ஏறி இறங்குவதற்கும் முதல் விசாரணை வெளியில்தான். யாராவது கழிவறையில் ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் ஷவர் சுடுகிறதா? அப்படியென்றால் பச்சைத் தண்ணீரின் அழுத்தம் விழுகிறது. சாதாரண மிக்ஸர் அதைச் சமாளிக்காது, அதற்கென்று அழுத்தத்தைச் சமன் செய்யும் வகை உண்டு. அந்த வகையே மாட்டியிருந்தும் சுடுகிறது என்றால் உள்ளே ஓடுகிற சின்ன பிஸ்டன் உப்பில் சிக்கியிருக்கும். தெர்மோஸ்டாட் வகையில் மெழுகு நிரப்பிய ஒரு குப்பி சூட்டில் விரிந்து, ஆறினால் சுருங்கி, கலவையை மாற்றும். அது வயதாகிச் சோர்ந்தால் கார்ட்ரிட்ஜ் முழுவதையும் மாற்றுவதுதான் வழி. ஆனால் அதற்கு முன் இரண்டு நுழைவாயிலிலும் உள்ள வலைகளைக் கழுவிப் பாருங்கள். இந்த வகையில் நான் பார்த்த புகார்களில் பல வலையில் சேர்ந்த மணலோடு முடிந்துவிட்டன.

கழற்றலாம்

மின்சாரம் முதலில், தண்ணீர் பிறகு. கீசரை அணைக்காமல் தண்ணீரை மூடி, குழாயைத் திறந்து வடித்துவிட்டால் உள்ளே காய்ந்த கம்பி எரிந்துவிடக்கூடும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்; கீசர் ஆறிய பிறகு செய்தால் நிம்மதி. அடைப்பானை மூடிய பின் ஷவரைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிற்காவிட்டால் அடைப்பானே சரியில்லை, மெயின் வால்வை மூட வேண்டும்.

வடிகால் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். கைப்பிடித் திருகு எள்ளளவுதான் இருக்கும், அது உருண்டு போகிற ஒரே இடம் அந்த ஓட்டைதான்.

கைப்பிடியில் சிவப்பு நீல மூடி இருந்தால் அதை நகத்தாலோ மெல்லிய கத்தியாலோ நெம்பினால் அடியில் திருகு தெரியும். சிங்கிள் லிவரில் பெரும்பாலும் பின்புறமோ அடியிலோ ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்குள் ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டுத் திருப்பும் திருகு, 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் சாவி பொருந்தும். கீ தளர்வாக இருந்தால் திருகாதீர்கள், முனை மழுங்கினால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். திருகு வந்தும் கைப்பிடி வராவிட்டால் உப்பு பிடித்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள், அப்புறம் வினிகர், பிறகு இடமும் வலமும் அசைத்து அசைத்து இழுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம். தட்டுவது கைப்பிடியை என்றாலும் அடி விழுவது சுவருக்குள் இருக்கும் இணைப்பில்.

கைப்பிடிக்கு அடியில் குமிழ் மூடி ஒன்று, அதற்கும் அடியில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் பித்தளை நட். சில வகையில் நட்டுக்குப் பதில் வளைந்த கம்பிக் கிளிப் இருக்கும். அதை மேலே இழுத்தால் போதும். நட்டைத் திருகும்போது ஸ்பானர் வாயில் துணி சுற்றிக்கொண்டால் பளபளப்பு கெடாது. ஒவ்வொரு பாகம் வரும்போதும் போனில் ஒரு படம் எடுத்து, வந்த வரிசையிலேயே துண்டின் மேல் அடுக்குங்கள். கார்ட்ரிட்ஜ் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்ற படம் கண்டிப்பாக வேண்டும்.

கழுவுவதா, மாற்றுவதா

பழைய வகையில் வாஷரைப் பாருங்கள். நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்ற வேண்டும், கூடவே அதே அளவு ஓ-ரிங்கும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். விரலை உள்ளே விட்டுப் பித்தளை இருக்கையையும் தடவிப் பாருங்கள். விரல் எட்டாவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுற்றித் தடவுங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே அரிப்பு இருக்கிறது. அதைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் எத்தனை வாஷர் மாற்றினாலும் கொஞ்ச நாளில் மறுபடி சொட்டும். இருக்கையைத் தேய்ப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு, கையால் சுற்றுவது. சில வால்வுகளில் இருக்கையையே திருகி எடுத்து மாற்றலாம்.

சிங்கிள் லிவரின் பீங்கான் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் அடிப்பக்கம் மூன்று ஓட்டைகள் தெரியும், உள்ளே வர இரண்டு, வெளியே போக ஒன்று. சுற்றிலும் ரப்பர். ஒரு மணல் துகளோ டெஃப்ளான் டேப் துணுக்கோ ரப்பரில் மாட்டியிருந்தால் அதை எடுத்துக் கழுவினாலே சொட்டு நின்றுவிடும். தட்டில் கீறல் விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை.

புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லி, படம் காட்டி வாங்கினால் ஏதாவது ஒன்று ஒத்துவராது. சிங்கிள் லிவரில் 35, 40 மில்லிமீட்டர் விட்டம் சாதாரணமாகக் கிடைப்பவை. விட்டம் சரியாக இருந்தும் உயரம் மாறலாம், அடியில் உள்ள பொருத்து முளைகளின் இடம் மாறலாம். கால் சுற்று வகையில் கைப்பிடி மாட்டும் பற்களை எண்ண வேண்டும். 20 பல்லுக்கு உள்ளது 24 பல்லில் உட்காராது. இன்னொன்று, மூடும் திசை. வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் எதிரெதிர்த் திசையில் மூடும் ஜோடிகள் உண்டு. இரண்டையும் ஒரே வகையாக வாங்கினால் ஒரு கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும்.

மாட்டும்போது

கார்ட்ரிட்ஜ் உட்காரும் குழியைத் துடைத்து, வாளியை எதிரே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை அடைப்பானை ஒரு நொடி திறந்து மூடச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். வெந்நீர்ப் பக்கம் கீசர் நன்றாக ஆறியிருந்தால்தான். குழாயில் தங்கிய மணல் எல்லாம் வாளிக்கு வந்துவிடும். இதைச் செய்யாமல் புதிய கார்ட்ரிட்ஜை மாட்டினால் அந்த மணல் முதலில் அரைப்பது அதைத்தான்.

ஓ-ரிங்குகளில் சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள். வாசலின் வேண்டாம், சமையல் எண்ணெய் அறவே வேண்டாம். வால்வுகளில் வருகிற சில ரப்பர்கள் அதில் ஊதிப் பருத்துவிடும். முளைகள் குழியில் சரியாக இறங்கிவிட்டனவா என்று பார்த்த பிறகு நட்டைக் கையால் இறுக்குங்கள். அதற்கு மேல் ஸ்பானரால் கொஞ்சம்தான். அதிகம் இறுக்கினால் லிவர் கனக்கும், குறைந்தால் அடியில் கசியும். லிவரை அசைத்துக்கொண்டே இறுக்கினால் எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரிந்துவிடும். சுவர் இணைப்பின் மரைகளில் டேப் சுற்றலாம். கார்ட்ரிட்ஜ் நட்டுக்கு டேப் தேவையே இல்லை.

தண்ணீர் திறப்பதற்கு முன் ஷவரைப் பாதி திறந்து வையுங்கள். குழாயில் நிற்கும் காற்று ஒரேயடியாக மோதாமல் வெளியேறும், பீங்கான் தட்டுக்கு அடி விழாது. அடைப்பானை மெதுவாகத் திறந்து, இருமலும் செருமலும் அடங்கும் வரை ஓடவிடுங்கள். கீசரில் தண்ணீர் நிரம்பி, வெந்நீர்ப் பக்கம் ஒரே சீராக ஓடிய பிறகுதான் மின்சாரம். இடப்பக்கம் திருப்பினால் வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். மாறி வந்தால் கார்ட்ரிட்ஜ் திரும்பி உட்கார்ந்திருக்கிறது, எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினால் சரியாகும்.

தண்ணீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் பற்றி இரண்டு வரி. ஷவருக்குத் திருப்பியும் கீழ்க்குழாயில் தண்ணீர் வருகிறது என்றால் வால்வு நன்றாக இருக்கிறது, டைவர்ட்டரின் வாஷரோ ஸ்பிண்டிலோ தேய்ந்திருக்கிறது. சில துளிகள் என்றால் விட்டுவிடலாம். பாதித் தண்ணீர் கீழே போனால் மேலே சொன்ன மாதிரியே கழற்றி மாற்றுங்கள்.

சுவரின் மறுபக்கம் ஈரம் பூத்திருந்தால் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், தண்ணீர் மீட்டர் இல்லாவிட்டால் தொட்டி மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு இரவு கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் கசிவு இணைப்பில் இருக்கலாம், அதற்குச் சுவரை உடைக்க வேண்டும், அது பிளம்பர் வேலை. இந்த நிலையில் சிலர் வால்வைச் சுற்றிச் சிலிக்கான் பசையை அப்பி வைப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வெளியே வர வேண்டிய தண்ணீரை உள்ளே அடைத்துச் சுவரை ஊறப்போடுகிற வேலை அது.

பசை தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுவரை ஒட்டி உட்காரும் வட்டத் தகட்டின் மேல் பாதியிலும் பக்கங்களிலும் மெல்லிய கோடாகப் போடுங்கள், குளிக்கும் தண்ணீர் உள்ளே போகாது. கீழ்ப்பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். பின்னாளில் உள்ளே ஏதாவது கசிந்தால் முதலில் அந்த இடைவெளியில்தான் ஈரம் தெரியும்.